சாலகமும் சிக்கலெண்ணும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எமக்கு எழுதியபோது, நெய்தற்றிணை பற்றியோ மாதோட்டத்துப் பழம்பெருமை பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியரிடம் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயின் யாம் ஈண்டு எழுதப் புகுவது கணிதம் பற்றியது. அதனுள்ளும் மாணாக்கர் அஞ்சும் சிக்கலெண் பற்றியது. அதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தின் முடிவில் ஒரு வேண்டுகோளும் உண்டு. விழாக் காலத்திலே வேண்டுகோள் விடுத்தல் மரபன்று எனச் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். வீட்டில் மங்கலம் நிகழும் பொழுதே வீட்டின் குறையும் பேசப்படும். உறவினர் எல்லாரும் ஒருங்கு கூடும் பொழுது அதுவே அன்றோ?

முதலிலே ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். யாம் கணிதப் பட்டதாரி அல்லேம். ஆசிரியர் கலாசாலையிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றுத் தமிழ் கற்பிப்பேம். கல்லூரி நாளிலே கணித ஆசிரியரின் பார்வை படாத பின்வாங்கே எமது ஆசனம். ஆகவே இக்கட்டுரையிற் காணும் கணிதம் எமது சொந்தச் செல்வமன்று. கணிதம் கற்ற நண்பர் ஒருவரிடம் பல மாலைப் பொழுதுகள் இருந்து கேட்டறிந்தது. கருத்து மாத்திரம் எம்முடையது.

யாம் வாழும் வங்காலைக் கரையிலே கடலும் களப்பும் உப்பங்கழியும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. மாரிக் காலத்திலே வெளிநாட்டுப் பறவைகள் வந்து குவியும் இடம் இது. 2010 இல் இச்சரணாலயம் உலகப் புகழ் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஊரின் தொழில் கடற்றொழில். மாலையிலே கரையோரம் நடந்து சென்றால், மணலில் வலையை விரித்து வைத்துக்கொண்டு சிக்கெடுப்போரைக் காணலாம். அவர் கையும் கண்ணும் பேசும் கணக்கினை ஏட்டில் எழுதினார் இலர்.

சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரப் பாடசாலை ஒன்றிலே எம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், பழைய கணித நூலொன்றைக் கையில் ஏந்தி வந்து, “சேர், எண்ணுக்கு ஏன் சிக்கல் எண்டு பேர் வைச்சவை?” என்று வினவினான். அவன் கலைப்பிரிவு மாணவன். கணிதத்தில் அவனுக்கு இருந்த வேட்கையையும் திறமையையும் யாவரும் அறிவர். ஆயினும் அவன் பயின்ற இடத்திலே உயர்தர வகுப்பிற்குக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் இலர். நகரத்து விடுதியில் இருந்து பயில அவன் தந்தையாரிடம் பொருள் இல்லை. எனவே கணிதம் கற்க வேண்டியவன் தமிழ் கற்க எம்மிடம் வந்தான். யாரோ கழித்துவிட்ட கணித நூலை மாத்திரம் கைவிடாது வைத்திருந்தான்.

அவ்வினாவிற்கு விடை எமக்குத் தெரியவில்லை. தமிழாசிரியர் ஒருவர் தமிழ்ச் சொல்லொன்றின் பொருள் தெரியாது மாணவன் முன் நிற்பது நாணத்தக்கது. அந்நாணமே எம்மைக் கணித நண்பரின் வீட்டிற்கு அழைத்துச் சென்றது.

முதலிற் சொல்லை நோக்குவோம். எதிர்மறை எண்ணொன்றிற்கு வர்க்கமூலம் காண வேண்டுமெனின், எண்கோட்டிலே அதற்கு இடமில்லை. எனவே கோட்டை விட்டுத் தளத்திற்கு ஏறிய கணிதர், கிடையாக ஓர் அளவும் நிலைக்குத்தாக ஓர் அளவும் கொண்ட எண்ணை ஆக்கினர். இருகூறு கலந்த அவ்வெண்ணைத் தமிழகத்தார் கலப்பெண் என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் சிக்கலெண் என்னும். சிக்கல் என்ற சொல் பிள்ளைகளை அச்சுறுத்துகின்றது. கலப்பெண்ணே சாலச் சிறந்தது என்று யாம் முதலில் எண்ணினோம். இன்று அவ்வாறு எண்ணவில்லை. காரணம் கரையிலே உண்டு. சிக்குண்ட வலையைக் கையிற் சுருட்டி வைத்துக்கொண்டு எவரும் அவிழ்ப்பதில்லை. மணலிலே அகல விரித்தே அவிழ்ப்பர். கோட்டிலே அவிழாத சிக்கல் தளத்திலே அவிழும். சிக்கலெண்ணின் தொழிலும் அதுவே. சிக்கலை அவிழ்க்கும் எண் ஆதலின் சிக்கலெண் எனின், பெயர் பொருத்தமானதே.

இரண்டாவது சொல் சாலகம். பலகணியைக் குறித்த பழஞ் சொல் இது. அணுக்கள் ஒழுங்காக நிரல்பட்டு நிற்கும் அமைப்பினைக் குறிக்க நம் இரசாயன நூலார் இதனை எடுத்தாண்டனர். மன்னார் உப்பளத்தில் விளையும் உப்புக்கல் ஒன்றினுள்ளே சோடியமும் குளோரினும் கனசதுரச் சாலகமாக நிரல்பட்டு நிற்கின்றன. வீட்டுச் சாளரத்திற்கும் உப்புக்கல்லிற்கும் ஒரே சொல்லை வழங்கிய அந்த மொழிபெயர்ப்பாளரை யாம் வணங்குகின்றோம்.

இனி, சாலகத்தையும் சிக்கலெண்ணையும் ஒருங்கு பிணைக்கும் செய்தியைக் கூறுவோம். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே தெரிந்த பரீட்சை மண்டபமே அதற்கு உவமை.

ஒரு பெரிய மண்டபத்திலே ஆசனங்கள் முக்கோண ஒழுங்கில் இடப்பட்டுள்ளன என்க. ஒவ்வோர் ஆசனத்தையும் சுற்றி ஆறு ஆசனங்கள் இருக்கும். அடுத்தடுத்த இரு ஆசனங்களில் இருவர் அமர்தல் கூடாது என்பதே மேற்பார்வையாளரின் ஒரே விதி. வருவோர் சிலராயின், அவர் விரும்பிய இடங்களிற் சிதறி அமர்வர், எவ்வொழுங்கும் தோன்றாது. வருவோர் மிகமிக, இடம் நெருக்குண்டு, ஒரு கட்டத்திலே தாமாகவே ஓர் ஒழுங்கிற்கு வருவர். ஆசனங்களுக்குச் செம்மை, வெண்மை, நீலம் என மூன்று நிறங்களை, அடுத்தடுத்தவை ஒரே நிறம் ஆகாவண்ணம் தீட்டலாம். நெருக்கம் குறைந்த நிலையில் மூன்று நிற ஆசனங்களிலும் ஒரே அளவினர் இருப்பர். நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்ததும், ஏதேனும் ஒரு நிறத்து ஆசனங்களே மிகுதியாக நிரம்பும். எவரும் கட்டளை இடவில்லை. ஆயினும் ஒழுங்கு பிறந்துவிட்டது. நீர் பனிக்கட்டியாவது போன்ற இதனைப் பௌதிகர் அவத்தை மாற்றம் என்பர். பரீட்சார்த்திகளின் இடத்திலே அணுக்களை வைத்தால், அதுவே புள்ளிவிபரப் பௌதிகத்திலே வன் அறுகோண மாதிரியுரு எனப்படுவது. நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்திற் கிடைக்கும் காரீயம் போன்றதன் பரப்பிலே ஹீலியம் அணுக்கள் படியும் பொழுது காணப்படும் ஒழுங்கினை விளங்கிக்கொள்ள இம்மாதிரியுரு உதவுகின்றது.

அந்த எல்லை யாது? சிறு கணக்கொன்றைச் செய்து பார்ப்போம். நடுவில் ஓர் ஆசனமும் சுற்றிலும் ஆறும் ஆக ஏழு ஆசனங்கள் மாத்திரம் உள்ளன எனக் கொள்க. ஒருவரும் அமராத நிலை ஒன்று. ஒருவர் அமரும் வகைகள் ஏழு. இருவர் அமரும் வகைகள் ஒன்பது. மூவர் அமரும் வகைகள் இரண்டு. அமர்வோரின் ஆர்வ அளவை ‘ய’ எனக் குறித்தால், எல்லா நிலைகளையும் நிறுத்துக் கூட்டிய தொகை 1 + 7ய + 9ய² + 2ய³ ஆகும். இத்தகைய தொகையைப் பங்கீட்டுச் சார்பு என்னலாம். பொருளின் குணம் யாவும் இத்தொகையினுள்ளே அடங்கிக் கிடக்கும். இவ்வேழு ஆசனங்களுக்கு மொத்த வகைகள் 19. ஆசனங்கள் கோடி கோடியாகப் பெருகும் பொழுது தொகையை எழுதி முடித்தல் எவர்க்கும் இயலாது.

இவ்விடத்திலேதான் சிக்கலெண் உட்புகுகின்றது. மேற்காட்டிய தொகையின் குணகங்கள் யாவும் நேர் எண்கள். ஆதலின் ‘ய’ விற்கு எந்த நேர் எண்ணை இட்டாலும் தொகை பூச்சியம் ஆகாது. உலகிலே உள்ள ஆர்வ அளவு யாதாயினும் நேர் எண்ணே. அங்ஙனமாயின் பூச்சியங்களைப் பற்றி நாம் ஏன் கவலுதல் வேண்டும்? 1952 இல் யாங், லீ என்னும் சீன அறிஞர் இருவர் இவ்வினாவிற்கு வியத்தகு விடை தந்தனர். இவர்களே பின்னர் 1957 இல், பிறிதொரு கண்டுபிடிப்பிற்காக, நொபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டவர்கள். அவர் கூற்றின் சாரம் இது: தொகையின் பூச்சியங்கள் எண்கோட்டின் நேர்ப்பகுதிக்கு வெளியே, சிக்கலெண் தளத்திலே சிதறிக் கிடக்கின்றன. ஆசனங்கள் பெருகப் பெருக அவை நேர்க்கோட்டை நோக்கி நெருங்கி வருகின்றன. எந்தப் புள்ளியிலே அவை நேர்க்கோட்டைத் தொடும் அளவிற்கு நெருங்குகின்றனவோ, அந்தப் புள்ளியிலே அவத்தை மாற்றம் நிகழும். காணும் உலகிலே நிகழும் மாற்றத்திற்குக் காரணம், காணாத தளத்திலே கிடக்கும் பூச்சியங்கள். கோட்டிலே நின்று நோக்குவோனுக்கு எதுவும் தெரியாது. தளத்திற்கு ஏறி நோக்குவோனுக்கு எல்லாம் விளங்கும்.

வன் அறுகோண மாதிரியுருவின் எல்லையைத் துல்லியமாகக் கண்டவர், அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ரொட்னி பாக்ஸ்டர். ஆண்டு 1980. ய விற்கு அவர் கண்ட எல்லை, 11 உடன் 5 இன் வர்க்கமூலத்தின் ஐம்மடங்கைக் கூட்டி இரண்டால் வகுத்தது. அஃதாவது ஏறத்தாழ 11.09. அவ்வெல்லையிலே ஆயிரம் ஆசனங்களுக்கு ஏறத்தாழ 276 நிரம்பியிருக்கும். முற்றிலும் நெருக்குண்டாலும் மூன்றிலொன்றுக்கு மேல் நிரம்ப இயலாது என்பதை நினைவிற் கொள்க. இந்த 11.09 என்பது ய² − 11ய − 1 = 0 என்னும் எளிய சமன்பாட்டின் ஒரு மூலம். மற்றைய மூலம் ஏறத்தாழ −0.0902. மறை எண் அளவில் ஆர்வம் என்பது உலகில் இல்லாத ஒன்று. ஆயினும் அந்த மூலமும் வீணன்று. ஆசனத்திற்கு எத்தனை பேர் எனத் தொடராக விரித்துக் கணிக்கப் புகுவோனை, இவ்வளவு தூரமே செல்லலாம் என்று தடுத்து நிறுத்தும் புள்ளி அதுவே. உயர்தர வகுப்பு மாணவர் எவரும் இச்சமன்பாட்டைத் தாமே தீர்த்துப் பார்க்கலாம்.

பாக்ஸ்டர் தாம் கணித்துக்கொண்டு போன வழியிலே சில முடிவிலித் தொடர்களைக் கண்டார். அத்தொடர்கள் புதியன அல்ல. அவை ரொஜர்ஸ் இராமானுசன் சர்வசமன்பாடுகள் என்று வழங்கப்பட்டவை. 1887 இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்திலே எழுதுவினைஞராய் இருந்த நம் இராமானுசனின் கைப்பட்டவை அவை!

அச்சமன்பாட்டின் பொருளை ஒரு சிறு உதாரணத்தாற் காட்டலாம். 9 என்னும் எண்ணைப் பல கூறுகளாகப் பிரிக்க. எந்த இரு கூறுகளுக்கும் இடையே குறைந்தது 2 வேறுபாடு இருத்தல் வேண்டும். 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என ஐந்து வகைகள் கிடைக்கும். இனி, ஐந்தால் வகுக்க மீதி 1 அல்லது 4 வரும் எண்களை மாத்திரம் கொண்டு அதே 9 ஐப் பிரிக்க. 9, 6+1+1+1, 4+4+1, 4 உடன் ஐந்து ஒன்றுகள், ஒன்பது ஒன்றுகள். இவையும் ஐந்தே! 9 இற்கு மட்டுமன்று, எந்த எண்ணிற்கும் இவ்விரு தொகைகளும் சமம். இரண்டு வகைக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகும் தொடர்பு யாதும் இல்லை, ஆயினும் சமம். நெருங்கி அமரலாகாது என்னும் மண்டப விதியும், கூறுகள் நெருங்கலாகாது என்னும் எண்ணின் விதியும் ஒரே குடும்பத்தன என்பதை உணர அறுபது ஆண்டுகள் சென்றன. இராமானுசன் மறைந்தது 1920 இல். பாக்ஸ்டரின் விடை வந்தது 1980 இல்.

ஒரு படி மேலும் செல்வோம். ஒன்றின் கீழ் ஒன்று கூட்டல் ஒன்று, அதன் கீழும் ஒன்று கூட்டல் ஒன்று என முடிவின்றிச் செல்லும் தொடர்பின்னத்தின் பெறுமானம் 0.618. அதனை ஐந்து முறை தன்னாற் பெருக்கினால் 0.0902. அதனை ஒன்றின் கீழ் இட்டால் 11.09. ஹீலியம் அணுக்கள் ஒழுங்கு கொள்ளும் எல்லை இதோ வந்துவிட்டது. இத்தொடர்பின்னத்தின் விரிந்த வடிவத்தையே இராமானுசன் 1913 சனவரி 16 ஆம் நாளிட்ட தம் முதற் கடிதத்திலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார்.

இதுவரை படித்த அன்பருட் சிலர், “இராமானுசன் தமிழர், ஆகவே நவீன பௌதிகமும் தமிழருடையதே” என்று கை தட்டக்கூடும். யாம் அதற்கு உடன்படோம். விழா மலர்களிலே எல்லாவற்றையும் நம் முன்னோர் ஏட்டிலே எழுதி வைத்தனர் என்று முழங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது முன்னோர்க்குப் பெருமையும் அன்று. பின்னோர்க்குப் பயனும் அன்று. இச்சமன்பாடுகளை 1894 இலேயே நிறுவி வெளியிட்டவர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவரை உலகம் மறந்திருந்தது. இராமானுசன் தாமே அவற்றைக் கண்டார். ஆனால் நிறுவலை அவர் தரவில்லை. 1917 இலே பழைய சஞ்சிகைகளைப் புரட்டும் பொழுது ரொஜர்ஸ் எழுதிய கட்டுரை தற்செயலாக அவர் கண்ணிற் பட்டது. அவர் அதனை மறைத்தாரா? இல்லை. வியந்து போற்றினார். 1919 இல் இருவர் நிறுவல்களும் ஒருங்கே வெளிவந்தன. இன்று ரொஜர்ஸ் பெயர் முன்னும் இராமானுசன் பெயர் பின்னும் நிற்கின்றன. நாம் இராமானுசனிடம் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே. பிறர் பெருமையைத் தன்னதாக்காத நேர்மையே அறிஞன் இலக்கணம்.

வேறு சிலர், “எமக்கும் இதற்கும் என்ன? இதனாற் பயன் யாது? கரையோரப் பிள்ளைக்குத் தொழிற் பயிற்சி கொடுத்தாற் போதாதா?” என்று வினவுவர். தொழிற் பயிற்சி வேண்டியதே. அதனை யாம் இகழவில்லை. ஆனால் இவ்வினாவை 1913 இலே இராமானுசனிடம் கேட்டிருந்தால் அவர் என்ன விடை கூறியிருப்பார்? ஒன்பதைப் பிரித்துப் பார்ப்பதால் ஒரு பிடி அரிசியும் வாராது. அறுபது ஆண்டு கழித்து அணுக்களின் ஒழுங்கிற்கு அது திறவுகோலாகும் என்று அவரும் அறியார். அவர்க்குச் சம்பளம் கொடுத்தோரும் அறியார். கல்வியின் பயன் கற்கும் நாளிலே கணக்கிடப்படுவது அன்று. பனங்கொட்டை ஊன்றுவோன் நுங்கு கேட்பதில்லை, ஊன்றிவிட்டுப் போகின்றான்.

மூன்றாவதாக ஒரு தவறான கருத்தும் உண்டு. அது இனிமையானது, ஆதலின் மிகத் தீங்கானது. “பேரறிவு உள்ளவன் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான். இராமானுசனுக்கு யார் கற்பித்தார்?” என்பர். ஆசிரியர் இல்லாத பாடசாலைகளைக் கண்டு மனம் நோகாதிருக்க நாம் நமக்கே கூறிக்கொள்ளும் ஆறுதல் இது. உண்மை வேறு. கற்பிப்பார் இன்மையால் இராமானுசன் இழந்தது மிகப் பெரிது. முதன்மை எண்கள் ஒரு குறித்த எல்லைக்குள் எத்தனை என்று கணிக்க அவர் ஒரு சூத்திரம் கண்டார். அது தாம் கருதிய அளவு துல்லியமானது என்று நம்பி ஹார்டிக்கு எழுதினார். அது பிழை. பிழைக்குக் காரணம் யாது? சிக்கலெண் சார்புகளின் இயல்பை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. குறித்த சார்பொன்றின் பூச்சியங்கள் சிக்கலெண் தளத்திலே கிடந்தன. அவர் அத்தளத்தை அறியாது கோட்டிலேயே நின்றார். ஹார்டியே இதனை எடுத்துக் கூறியுள்ளார். உலகப் பேரறிஞன் ஒருவன் இடறியது அறிவின்மையால் அன்று, ஆசிரியர் இன்மையால்.

கற்பிப்பார் கிடைத்த பின் நிகழ்ந்ததையும் காண்க. 1914 இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுசன், ஹார்டியுடன் கூடிச் சிக்கலெண் தளத்திலே ஒரு வட்டத்தைச் சுற்றித் தொகையிடும் முறையொன்றை வகுத்தார். எண்களை எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு அது விடை கூறிற்று. 200 என்னும் எண்ணைப் பிரிக்கும் வகைகள் 3,972,999,029,388; ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. மக்மகொன் என்பார் வருந்திக் கைக்கணக்காற் கண்ட இத்தொகையை, அவர்கள் சூத்திரத்தின் எட்டு உறுப்புகளே பிழையின்றித் தந்தன. அக்கட்டுரை வெளிவந்தது 1918 இல். எந்தக் கல்வி இன்மையால் முன்னர் இடறினாரோ, அதே கல்வியைப் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் உலகை வியப்பில் ஆழ்த்தினார். இன்னும் இருபது வயதிற்கு முன்னரே அக்கல்வி கும்பகோணத்திலே அவருக்குக் கிடைத்திருப்பின்? முப்பத்திரண்டு வயதில் மறைந்த ஒருவருக்கு இழந்த ஒவ்வோராண்டும் பெரிது.

சாலகத்திலே சிக்கலெண்ணைப் புகுத்தும் இவ்வித்தை பழங்கதையாகவும் போய்விடவில்லை. வங்காலை ஈரநிலம் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த அதே 2010 இல், ஐதராபாத்து நகரிலே உலகக் கணிதர் மாநாடு கூடியது. சாலக மாதிரியுருக்களைச் சிக்கலெண் பகுப்பியலால் ஆராய்ந்த ஸ்மிர்னோவ் என்னும் உருசியக் கணிதர்க்கு அங்கே பீல்ட்ஸ் பதக்கம் அளிக்கப்பட்டது. அவரும் பிரான்சு நாட்டு இளைஞர் தியூமினில் கோப்பானும் அவ்வாண்டிலேயே மற்றொரு விடையைக் கண்டனர். தேன்கூட்டின் அறுகோண வழியிலே ஒருவன் நடக்கின்றான். சென்ற சந்திக்கு மீண்டும் செல்லலாகாது. ஒவ்வொரு சந்தியிலும் அவனுக்கு இரண்டு வழிகள். பல அடி நடந்த பின் எத்தனை பாதைகள்? அடிக்கு இரண்டு மடங்கு என எண்ணுவோம். ஆனால் மீளலாகாது என்ற விதி அதனைக் குறைக்கும். குறைந்த மடங்கு, 2 உடன் 2 இன் வர்க்கமூலத்தைக் கூட்டி, அதற்கும் வர்க்கமூலம் கண்டது, ஏறத்தாழ 1.8478. 1982 இலே நியன்ஹூஸ் என்னும் டச்சுப் பௌதிகர் இதனை ஊகித்திருந்தார். நிறுவலுக்கோ இருபத்தெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு சந்தியைச் சுற்றியும் சிக்கலெண்களைக் கூட்டப் பூச்சியம் வருமாறு ஒரு சார்பினை அமைத்ததே அந்நிறுவலின் உயிர்நிலை. தியூமினில் கோப்பானும் 2022 இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். செய்ய வேண்டியவை இன்னும் எத்தனையோ உண்டு. நம் பரீட்சை மண்டபத்து ஆசனங்களை முக்கோண ஒழுங்கில் வையாது சதுர ஒழுங்கில் வைத்தால், அவ்வெல்லையைத் துல்லியமாகக் கூறும் சூத்திரம் எவரிடமும் இல்லை. நாம் நாள்தோறும் காணும் மண்டபத்தின் கணக்கே இன்னும் தீரவில்லை என்பதை மாணாக்கர் மனங்கொள்க.

இனி வேண்டுகோளுக்கு வருவோம். விழாவின் நினைவாக வளைவு கட்டுதல், சிலை நிறுவுதல், மண்டபத்திற்குப் பளிங்கு பதித்தல் எனப் பழைய மாணவர் பல திட்டங்களைப் பேசுவதை யாம் அறிவோம். நம் கல்லூரி அழகு பெறுதல் எமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் யாம் கூறுவது: வளைவு ஒன்று குறைவதனால் கல்லூரியின் பெயர் குறையாது. நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், பல்கலைக்கழக விரிவுரையாளர் உளர், கடல் கடந்து வாழ்வோரும் உளர். அவர்கள் ஒரு நிதியம் அமைத்து, கணித ஆசிரியர் இல்லாத கரையோரப் பாடசாலைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியரை அனுப்பட்டும். வண்டிக் கூலியும் ஒரு நேர உணவும் சிறு வேதனமும் கொடுத்தாற் போதும். தூர தேசத்தில் இருப்போர் திரை வழியாகவேனும் வாரம் ஒரு மணி நேரம் கற்பிக்கட்டும். மாணவன் இந்துவா கத்தோலிக்கனா முஸ்லிமா என்று எவரும் கேளாதிருக்கட்டும். வங்காலைத் தேவாலயத்து மணியும் திருக்கேதீச்சரத்து மணியும் ஒரே காற்றிலேதான் வருகின்றன. ஐந்தால் வகுத்து மீதி காண்பதிலே சமயம் இல்லை.

தமிழாசிரியர் கணிதத்திற்காக வாதாடுவது ஏன் என்று எவரேனும் கேட்பாராயின், எண்ணும் எழுத்தும் இரண்டென்று பிரித்தவர் நம் முன்னோர் அல்லர் என்பதே எமது விடை. எழுத்து மாத்திரம் கற்பித்து எண்ணைக் கைவிட்ட பாடசாலை ஒரு கண்ணை மூடிய பாடசாலை. சாலகம், சிக்கலெண், சார்பு, குணகம் என அரும்பாடுபட்டு ஆக்கிய சொற்கள் நம்மிடம் உள. கற்பார் இல்லையேல் அச்சொற்கள் அகராதியிலே துயில்வன்றி வாழா. தமிழ் வளர்க என்று மேடையிலே முழங்குவோர், தமிழிலே கணிதம் கற்கும் ஒரு பிள்ளையை வளர்த்தாற் போதும்.

அன்று எம்மிடம் வினாவிய மாணவனுக்கு விடை சொல்ல யாம் ஆயத்தமான பொழுது, அவன் பாடசாலையை விட்டு நீங்கிவிட்டான். இன்று அவன் மத்திய கிழக்கு நாடொன்றிலே, பண்டசாலையிற் கணக்கெழுதுகின்றான். வீட்டிற்குத் தவறாது பணம் அனுப்புகின்றான். தங்கையை மணமுடித்துக் கொடுத்துவிட்டான். அவன் வாழ்வு தாழ்ந்ததன்று, போற்றத்தக்கதே. அவன் ஓர் இராமானுசன் என்று யாம் கூறவும் இல்லை. அவன் யார் என்று அறியும் வாய்ப்பினை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை என்பதே எமது துயரம்.

கடந்த ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது கரையிலே எம்மைக் கண்டான். வலையை விரித்துத் தமையன் சிக்கெடுத்துக் கொண்டிருந்தான். சிக்கலெண்ணுக்கு அப்பெயர் ஏன் என்பதை அவ்விடத்திலேயே அவனுக்குச் சொன்னோம். நெடுநேரம் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர், “சேர், இத நீங்கள் அப்பவே சொல்லியிருக்கலாம்” என்றான்.

அடுத்து வினாவும் பிள்ளைக்கேனும் உரிய காலத்தில் விடை கிடைக்கட்டும். விழாக் காணும் எம் கல்லூரித் தாய் நீடு வாழ்க!